கோடு கேட்கும் கார் ஸ்டீரியோ

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அப்பாடா என்று உட்காருவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கு வந்துவிட்டது. கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரம் ஒரே கவலைதான், வண்டியை எந்த மேட்டில் ஏற்றி நிறுத்துவது என்று. நான் கேப்பர் மலையில் இருக்கும் சித்தப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன். பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, பழைய துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்கியும் வைத்தேன். தண்ணீர் ஏறக்கூடிய இடத்தில் நிற்கும் வண்டிக்கு அதுதான் பாதுகாப்பு. பேட்டரி இணைப்போடு தண்ணீரில் நின்றால் ஒயரிங்கிலிருந்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். வரை எது ஷார்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. அடுத்த வெள்ளத்துக்கும் இதையேதான் செய்வேன்.

தண்ணீர் வடிந்த பிறகு டெர்மினலை மாட்டிச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. ஸ்டீரியோதான் முறைத்துக்கொண்டது. திரையில் ‘கோடு’ (CODE) என்று ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது, ரகசிய எண்ணைப் போட்டால்தான் செட் பாடும். எஃப்.எம். பட்டனை அமுக்கினாலும் அதுதான், சிடியைத் தள்ளினாலும் அதுதான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் போய் வருகிறவனுக்கு 102.8 ரெயின்போ எஃப்.எம். இல்லாமல் முள்ளோடை, கன்னிக்கோயில், அரியாங்குப்பம் என்று நெரிசலில் ஊர்ந்து போவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அந்த மாதம்தான் புரிந்தது.

வண்டி பழைய ஹோண்டா சிட்டி, இரண்டாம் தலைமுறையெல்லாம் தாண்டி சாவிக்குப் பதில் புஷ் பட்டன் ஸ்டார்ட் வருவதற்கு முந்தைய காலத்து வண்டி. புதுச்சேரியில் புரோக்கர் மூலம் வாங்கி, என்.ஓ.சி. எடுத்து, இங்கே வரி கட்டி, கடலூர் ஆர்.டி.ஓ.வில் என் பெயருக்கு மாற்றியது. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியிருக்கிறார்கள். ஆர்.சி. வந்தது, இன்சூரன்ஸ் வந்தது, ஒரு சாவி வந்தது. கோடு எழுதிய அட்டை வரவில்லை. நம் பக்கத்தில் பி.ஒய். நம்பர் வண்டி கை மாறி வருவது சாதாரணம். ஒவ்வொரு கை மாறும்போதும் ஏதாவது ஒரு காகிதம் தொலைகிறது. இந்தப் பூட்டு யாருக்காக வைத்தார்களோ அந்தத் திருடன் இன்று கார் ஸ்டீரியோவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாட்டிக்கொள்வது என்னைப் போல் செகண்ட் ஹேண்ட் வாங்கியவன்தான்.

ஸ்டீரியோ ஏன் கோடு கேட்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். அதன் பின்னால் இரண்டு பாசிட்டிவ் லைன் வருகின்றன. ஒன்று சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருவது. இன்னொன்று, வண்டி நின்றாலும் பேட்டரியிலிருந்து நேராக வந்துகொண்டே இருப்பது. வெளியில் வாங்கும் செட்களில் முதலாவது சிவப்பு ஒயராகவும் இரண்டாவது மஞ்சள் ஒயராகவும் இருக்கும். கடிகாரம், ஸ்டேஷன் நினைவு எல்லாம் அந்த நேர் லைனை நம்பித்தான் இருக்கின்றன. அது அறுந்தால், யாரோ தன்னை டேஷ்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று செட் எடுத்துக்கொள்ளும். மறுபடி கரண்ட் வந்ததும் கோடு கேட்கும். கோடு மட்டும் கரண்ட் போனாலும் அழியாத ஒரு சின்னச் சிப்பில் பதிந்திருக்கும். அதனால் பேட்டரியை ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தால் சரியாகிவிடும் என்று டீக்கடையில் கிடைக்கும் யோசனை வேலைக்கு ஆகாது. பேட்டரியைக் கழற்றியதால் வந்த பூட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் எப்படித் திறக்கும்?

குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்கலாமே என்று மச்சான் சொன்னார். கணக்கைப் பாருங்கள். இந்த மாடலில் கோடு ஐந்து இலக்கம். போடுவதற்கு இருப்பது ஒன்று முதல் ஆறு வரையான பட்டன்கள் மட்டும். ஆக மொத்தம் 7776 வாய்ப்புகள். பத்து முறை தப்பாகப் போட்டால் செட் பூட்டிக்கொள்ளும், ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மணிக்குப் பத்து என்று போனால் எல்லாவற்றையும் போட்டு முடிக்க ஒரு மாதத்துக்கு மேல், அதுவும் இரவு பகலாக, சாவியை ஆன் செய்தபடியே. அதற்குள் பேட்டரி செத்து, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மச்சானுக்குப் பொழுது போகும், அவ்வளவுதான்.

ஆகவே கோடு என்பது கண்டுபிடிக்கும் விஷயம் இல்லை, தேடி எடுக்கும் விஷயம். தேட வேண்டிய முதல் இடம் டேஷ்போர்டில் இருக்கும் சாமான் பெட்டியான கிளவ் பாக்ஸ். அதைத் திறந்தால் போதாது, முழுதாகக் கீழே இறக்கி, உட்பக்கச் சுவரில், ஓரத்தில், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் பல வண்டிகளில் அங்கே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், அதில் நம்பர் அச்சிட்டிருக்கும். அடுத்து ஓனர்ஸ் மேனுவல் வைத்திருக்கும் பை. அதில் விசிட்டிங் கார்டு அளவில் ஒரு அட்டை செருகியிருக்கலாம். மேனுவலின் கடைசிப் பக்கங்கள், பழைய சர்வீஸ் புத்தகம், இன்வாய்ஸின் பின்பக்கம் எல்லாவற்றையும் புரட்டுங்கள். என் வண்டியின் கிளவ் பாக்ஸ் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. பசை மட்டும் மிச்சம். யாரோ டேஷ்போர்டு பாலிஷ் போடுகிறேன் என்று துடைத்துத் தள்ளியிருக்கிறார்கள். விற்பதற்கு முன் வண்டியைப் பளபளவென்று ஆக்குபவர்கள் செய்யும் உபகாரம்.

பழைய ஓனரைக் கேட்பது அடுத்த வழி. புரோக்கரைப் பிடித்து நம்பர் வாங்கிப் பேசினேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவருக்கு ஸ்டீரியோவில் கோடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. முதல் ஓனர் லாஸ்பேட்டையில் இருந்த ஒரு பெரியவர், வண்டியை விற்றுவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். அந்தக் கதவு அத்தோடு சாத்தியது.

நிஜமாகத் திறக்கிற கதவு செட்டின் சீரியல் நம்பர். இதைச் சொல்லிக் கொடுத்தவர் மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன். அதற்கு முன் நான் போயிருந்த ஒரு சர்வீஸ் சென்டரில், செட்டை வெளியே எடுத்துத்தான் நம்பர் பார்க்க முடியும், டேஷ்போர்டு பிரிக்க லேபர் சார்ஜ் ஆகும் என்று எஸ்டிமேட்டே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். “கொஞ்சம் சாவியை ஆன்ல வை தம்பி, ஸ்டார்ட் பண்ணாதே” என்றார். ஸ்டீரியோவை ஆஃப் செய்தார். இடது கையின் கட்டை விரலையும் நடு விரலையும் விரித்து ஒன்றாம் பட்டனையும் ஆறாம் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பவர் பட்டனைத் தட்டினார். கோடு கேட்டுக்கொண்டிருந்த திரையில் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தும் நாலு எண்ணும் வந்தன, பிறகு ‘எல்’ என்ற எழுத்தும் இன்னொரு நாலு எண்ணும் வந்தன. இரண்டையும் சேர்த்தால் எட்டு இலக்க சீரியல். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. “போட்டோ எடுத்துக்கோ, கையால எழுதினா ஒண்ணை ஏழுன்னு எழுதிடுவே” என்றார். நான் வீடியோவாகவே எடுத்துக்கொண்டேன்.

எல்லா செட்டிலும் இந்த வித்தை பலிக்காது. இன்னும் பழைய மாடல்களில் செட்டை இழுத்து, மேல் தகட்டிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் லேபிளைத்தான் பார்க்க வேண்டும். புது ஹோண்டாக்கள் சிலவற்றில் இதைவிடச் சுலபம். சாவியை ஆன் செய்து, ஆடியோவின் பவர் பட்டனை இரண்டு விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால், இது நம் பழைய வண்டிதான் என்று செட் தானே அடையாளம் கண்டு திறந்துகொள்ளும். பைசா செலவில்லை. அதனால் இதை முதலில் முயன்று பாருங்கள். எனக்கு அது பலிக்கவில்லை.

சீரியல் கையில் வந்த பிறகு அதிகாரபூர்வ டீலரிடம் போக வேண்டும். ஆர்.சி., போட்டோவோடு ஒரு அடையாள அட்டை, 17 எழுத்து எண்கள் கொண்ட சேஸிஸ் நம்பர், செட்டின் சீரியல், இவ்வளவும் வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பது முக்கியம். வண்டி வாங்கிப் பல மாதம் ஆகியும் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். திருட்டு வண்டி இல்லை என்று தெரிந்தால்தானே டீலர் கோடு கொடுக்க முடியும், அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. நான் இந்த முறை வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஸ்பேர்ஸ் கவுன்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, “வந்ததும் கூப்பிடறேன் சார்” என்றார். சொன்னபடியே கூப்பிட்டார்.

கோடு போடும்போது அவசரம் கூடாது. ஒவ்வொரு எண்ணையும் அமுக்கி, திரையில் வந்துவிட்டதா என்று பார்த்து அடுத்ததுக்குப் போங்கள். பட்டன் தேய்ந்த பழைய செட்டில் ஒரு அமுக்கலுக்கு இரண்டு முறை பதிவாகும். நடுவில் தப்பு விழுந்தது தெரிந்தாலும் மீதி எண்களைப் போட்டு முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுங்கள். சரியான கோடு விழுந்ததும் செட் பாடத் தொடங்கிவிடும். ஏற்கெனவே யாராவது விளையாடிப் பூட்டி வைத்திருந்தால், ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது பேட்டரி இறங்காமல் சார்ஜர் போட்டுக்கொள்வது நல்லது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பொங்கல் கழித்து ஒரு காலையில் மறுபடி கோடு கேட்டது. இப்போது யாரும் பேட்டரியைத் தொடவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் செட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டப் போய்விடுகிறார்கள். கோடு தானாகக் கேட்டால் நேர் லைனில் கரண்ட் எங்கேயோ அறுகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் புது செட் மாட்டினாலும் கடிகாரம் தினமும் பன்னிரண்டு மணி காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

எலக்ட்ரீஷியன் பானெட்டைத் தூக்கியதுமே விரலை நீட்டினார். பாசிட்டிவ் டெர்மினலைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பேட்டரி ஆசிட் ஆவியாலேயே வரக்கூடியதுதான், கடல் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கிளாம்பைப் பிடித்து அசைத்தார், லேசாகச் சுழன்றது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் நொடியில் மோட்டார் இழுக்கும் இழுப்பில், இந்தத் தளர்ந்த இணைப்பில் வோல்டேஜ் விழுந்து, செட் அதைப் பேட்டரி கழற்றிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. நெகட்டிவை முதலில் கழற்றி, அப்புறம் பாசிட்டிவைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பூப்பின் மேல் ஊற்றினார். நுரைத்து இறங்கியது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கம்பத்தையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும் வரை சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். சமையல் சோடாத் தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது, அது மட்டும் கவனம்.

பிறகு மல்டிமீட்டர் வைத்தார். வண்டி இரவு முழுக்க நின்றிருந்தால், நன்றாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் சரி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிகிறது. என்னுடையது அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. இதுவும் பார்த்துவிட்டுப் பிரச்சினை தீராவிட்டால் ஃபியூஸ் பெட்டியில் ரேடியோவுக்கும் பேக்கப்புக்கும் (அந்த நேர் லைனுக்கும்) உள்ள ஃபியூஸைப் பாருங்கள். வெளியில் மாட்டிய செட் என்றால் சிவப்பும் மஞ்சளும் இடம் மாறி இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அது ரொம்பச் சகஜம்.

பேட்டரியை மாற்றும்போது கரண்ட் அறாமல் மாற்ற வழி இருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின் பேட்டரி பாசிட்டிவோடு நேராக இணைந்தது. அந்தச் சாக்கெட் வழியாகச் சின்ன 12 வோல்ட் சப்ளை கொடுக்கும் ஒயர் செட்டுக்கு மெமரி சேவர் என்று பெயர். ஆனால் அதை மாட்டியபடி வேலை செய்யும்போது பாசிட்டிவ் கிளாம்பில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், பாடியில் பட்டால் தீப்பொறிதான். தடித்த ரப்பர் கையுறையோ டேப்போ சுற்றி வைக்காமல் செய்யக் கூடாது. கோடு கையில் இருப்பவருக்கு இந்தச் சர்க்கஸ் தேவையே இல்லை என்பது என் கட்சி.

கரண்ட் போய் வந்த பிறகு ஸ்டீரியோ தவிர வேறு சில்லறை வேலைகளும் உண்டு. டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே அமுக்கில் ஏறாமல் நின்று நின்று ஏறினால் பயப்பட வேண்டாம். முழுதாக இறக்கி, முழுதாக ஏற்றி, ஏறிய பிறகும் சுவிட்சைச் சில விநாடி இழுத்துப் பிடித்தால் பல வண்டிகளில் பழையபடி ஆகிவிடும். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் (ஐடிலிங்) கொஞ்சம் தள்ளாடினால், ஏ.சி., லைட் எல்லாம் ஆஃப் செய்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை சும்மா ஓடவிடுங்கள்.

மற்ற கம்பெனி வண்டிகளைப் பற்றியும் நண்பர்கள் கேட்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ வைத்திருப்பவர்களுக்குத் திரையில் ‘சேஃப்’ என்று வரும். நாலு இலக்கக் கோடு. இரண்டு முறை தப்பினால் செட்டை ஆன் செய்தபடியே சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பத்தாயிரம் வாய்ப்பு, மணிக்கு இரண்டு என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதிய செட்களில் அதே காருக்குள் இருக்கும்வரை கேட்காது. ஃபோர்டின் பல ரேடியோக்களில் ஒன்றையும் ஆறையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் ‘வி’ அல்லது ‘எம்’ என்று தொடங்கும் சீரியல் திரையில் ஓடும். மறைமலை நகர் ஆலையில் ஃபோர்டு காரே செய்வதில்லையே, யாரிடம் போவது என்று கவலைப்பட வேண்டாம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதே சர்வீஸ் தொடரும் என்றும் சொன்னார்கள். ரெனோவில் பல செட்களுக்குப் பக்கவாட்டு லேபிளில் ஒரு ஆங்கில எழுத்தும் மூன்று எண்ணும் இருக்கும், அதுதான் கோடு எடுக்க ஆதாரம். செட்டை உருவ, இரண்டு பக்கமும் செருகும் கம்பிச் சாவி வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் உடையும்.

சில கம்பெனிகளின் கோடு, சீரியலிலிருந்து ஒரு சூத்திரம் வைத்துக் கணக்கிடக்கூடியது. அதை நம்பித்தான் பணம் வாங்கிக்கொண்டு கோடு தரும் ஆட்கள் இணையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சரியான கோடு தருகிறவர்களும் உண்டு, பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் உண்டு. சீரியலைத் தவிர ஆர்.சி. போட்டோ, சேஸிஸ் நம்பர், ஆதார் என்று கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இதை இன்ஸ்டால் செய் என்றால் அதுவும் வேண்டாம். டீலர் கைவிரித்துவிட்டால், கார் ஸ்டீரியோ சர்க்யூட் வேலை தெரிந்த ஆட்கள் சிப்பை ரீடரில் படித்துக் கோடு எடுத்துக் கொடுப்பார்கள். அவர்களிடம் போகும்போதும் ஆர்.சி.யை எடுத்துப் போங்கள். கேட்காமலேயே பூட்டைத் திறந்து கொடுப்பவரை நான் நம்ப மாட்டேன்.

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் கம்பெனி ஃபிட்டட் செட்டை வாங்கி மாட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டான். கடைக்காரரை 12 வோல்ட் கொடுத்து ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோடு கேட்டால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தச் செட் யார் காரிலிருந்து வந்தது என்று தெரியாது, டீலரும் உங்கள் ஆர்.சி.யைப் பார்த்து அதற்குக் கோடு தர மாட்டார். புது ஆண்ட்ராய்டு செட் போடுவது அவரவர் விருப்பம். போடுவதாக இருந்தால் வண்டியின் ஒயர்கள் செட்டோடு சேரும் கப்ளரை வெட்டாமல், அதற்கேற்ற கப்ளர் வாங்கி இணைக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன் வேலை செய்யுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். எனக்குப் பழைய செட்டின் சத்தம் போதும்.

கிடைத்த கோடைத் திரும்பவும் கிளவ் பாக்ஸில் ஒட்டுவதில் அர்த்தமில்லை, செட்டைத் திருடுகிறவன் கையில் சாவியையும் கொடுத்த மாதிரி. நான் போனில் ஒரு இடத்திலும், வீட்டு பீரோவில் ஆர்.சி. நகலோடு பின் அடித்த தாளில் ஒரு இடத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். சீரியல் நம்பரும் அதே தாளில் இருக்கிறது. அடுத்து செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகும்போது இரண்டாவது சாவி எங்கே என்று கேட்கும் அதே மூச்சில் ஸ்டீரியோ கோடு எங்கே என்றும் கேட்பேன். தெரியாது என்று சொன்னால், விலை பேசி முடிக்கும் முன்பே டெர்மினலைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான். புரோக்கர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.